சிட்டான் கம்பெனி மாப்பிள்ளை

கல்யாணப் பத்திரிகையில் நவீன்குமாரின் பெயருக்குக் கீழே பட்டம் எதுவும் போடவில்லை. அவனிடம் அது கிடையாது. அதற்குப் பதில் ‘சிட்டான் மோட்டார்ஸ், ஓசூர்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பத்திரிகை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த மறுவாரம் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

சிட்டான், மின்சார ஸ்கூட்டர் செய்யக் கிளம்பிய கம்பெனி. சிப்காட்டில் வாடகைக்கு ஒரு ஷெட், பெங்களூரில் கண்ணாடி வைத்த ஆபீஸ். முதல் வருடம் கேக் வெட்டினார்கள். அடுத்த வருடம் புது மாடல் விட்டார்கள். அதற்கடுத்த வருடம் பணம் போட்டவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாவம், வண்டி என்னவோ நல்ல வண்டிதான்.

அதில் பிரேக் மாட்டிய நவீன்குமாருக்கு இப்போது ஒரே கவலை, ரேவதி. பெண் பார்க்கப் போன அன்றே மனசைப் பறிகொடுத்துவிட்டு வந்தவன் அவன். வேலையில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மறைக்கவும் மனம் வரவில்லை. பஸ் ஏறி நேரே நாகரசம்பட்டிக்குப் போய்ப் பெண் வீட்டு வாசலில் நின்றான்.

ரேவதியின் அப்பா நாராயணப்பன் மாந்தோப்புக்காரர். நாற்காலி போடச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

“மாமா, கம்பெனிய மூடிட்டாங்க. எனக்கு இப்ப வேல இல்ல. உங்களுக்கு மனசு இல்லன்னா கல்யாணத்த நிறுத்திடலாம்.”

அவர் அவனைத் தோப்புக்குக் கூட்டிப் போனார். பம்ப்செட் ஓரமாக சிட்டான் ஸ்கூட்டர்கள் வரிசை கட்டி நின்றன. எல்லாம் மருமகன் கம்பெனி என்று பெருமையடித்து அவர் ஊராரை வாங்க வைத்தவை. கம்பெனி மூடிய சேதி அவனுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. வாங்கியவர்கள் பழுதான வண்டிகளை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

“நிறுத்தறதா? நீங்க பாட்டுக்குப் போய்ட்டா இதுங்கள யாரு ரிப்பேர் பண்றது மாப்ள? முடிஞ்சா முகூர்த்தத்த முன்னாடி வெச்சுக்கலாம்.”

போன உயிர் திரும்பி வந்தது நவீன்குமாருக்கு.

குறித்த நாளில் தாலி கட்டினான். வாழ்த்த மேடையேறியவர்களில் பாதிப் பேர் மொய்க் கவரோடு வண்டிச் சாவியையும் அவன் கையில் திணித்தார்கள். ரேவதி அத்தனை சாவியையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“நாளன்னிக்கு வாங்க. இன்னிக்குக் கடை லீவு” என்றாள்.

அப்போது அவனுக்குக் கடையே கிடையாது. தை பிறந்ததும் கிருஷ்ணகிரியில் திறந்தார்கள். பெயர்ப்பலகையில் முதல் பெயர் ரேவதியுடையது.