கண்ணாடிக்குள்ள என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் பழைய மாளிகைகளைப் படம் எடுக்கிறவர். அறைக்கு நடுவுல ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, சுத்திச் சுத்தி எடுப்பார். அத்தனையையும் ஒட்டு தெரியாம ஒண்ணாச் சேர்க்கிறது வீட்ல இருக்கிற நான். அப்புறம் எவனோ எங்கேயோ படுத்துக்கிட்டே போன்ல அந்த அறைக்குள்ள சுத்தி வரலாம், விரலால பெருசாக்கி உத்தரத்து ஆணி வரைக்கும் பாக்கலாம்.

பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை மனுஷனுக்கு. ஜன்னல் வெளிச்சம் மாறட்டும்னு மத்தியானம் பூரா நிப்பார். வீட்ல குழாய் ஒழுகுதுன்னு சொன்னா மட்டும் காது கேக்காது. மாளிகைன்னா கண்ணாடிக்குப் பஞ்சமில்ல. எதுலயும் எடுக்கிறவர் தெரியக் கூடாது. அவரை அழிச்சிட்டு, பின்னாடி இருக்கிற திரையையோ சுவரையோ இட்டு நிரப்புறதும் என் வேலைதான். கட்டின புருஷனை நான் அழிச்ச மாதிரி எவளும் அழிச்சிருக்க மாட்டா.

முன்னெல்லாம் லைட்டைத் தூக்கிக்கிட்டு நானும் கூடப் போவேன். வேலை பெருகினதும் என்னைக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சுட்டு, லைட் பிடிக்க ஒருத்தியைச் சேர்த்துக்கிட்டார். நல்ல பொண்ணு, வேலை தெரிஞ்ச பொண்ணு. அதான் எரிச்சலே.

போன மாசம் ஒரு நடன மண்டபம் வந்துச்சு. ஆளுயரக் கண்ணாடி. பெருசாக்கிப் பாக்குறேன், ஸ்டாண்டு பக்கத்துல அவ என்னவோ சொல்றா, இவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். தப்பா ஒண்ணுமில்ல, விரல்கூடப் படல. சிரிப்புதான். அந்தச் சிரிப்பு என் வீட்டுப் பக்கம் வந்து எத்தனை காலமாச்சு!

ரெண்டு பேரையும் அழிக்கணும். அவளை அழிச்சேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு முடி மிச்சமில்லாம அழகா அழிச்சேன். இவர்கிட்ட வந்ததும் கை ஓடல. போய்த் தொலையட்டும்னு அப்படியே அனுப்பிட்டேன்.

மறுவாரம் அந்த மாளிகை மேனேஜர் இவருக்குப் போன் பண்ணிக் கத்தினார். "யாரோ கண்ணாடிக்குள்ள தனியா நின்னு சிரிச்சுக்கிட்டிருக்காராம்! பாக்குறவங்கல்லாம் கேக்குறாங்க!"

இவர் ஓடி வந்து என் தோளுக்கு மேல எட்டிப் பெருசாக்கினார்.

"என்னடி இது? அவளை எடுத்துட்டு என்னை ஏன் விட்டே? இப்ப நான் யாரைப் பாத்துச் சிரிக்கிறேன்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

மனுஷன் தன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னார். எனக்குத்தான் அழுகை வந்துடுச்சு, பாழாப்போன அழுகை.

என் பக்கம் திரும்பி, "அடுத்த மாளிகைக்கு நீயும் வா"ன்னார்.

"வர்றேன். ஆனா கண்ணாடியில தெரியுற என்னை நான் அழிக்க மாட்டேன். மனசு வந்தா நீங்க அழிங்க."