முட்டையளவு வயிறு

அப்போது நான் நூற்றிருபது கிலோவுக்கு மேல் இருந்தேன். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கச் சமையலறையில் ரோல்ஸும் பற்றீஸும் பொரிப்பது என் வேலை. என் கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். லா கூர்னெவ்வில் நாலாம் மாடியில் ஒற்றை அறை வீடு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒரு மாரிகாலக் காலையில், வேலைக்குப் போகும் வழியில், மெத்ரோ ரயில் நிலையப் படிக்கட்டில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். நிமிர்ந்த பிறகு, அதில் ஒருவர் என் பாரத்தால் மூச்சிரைப்பது கேட்டது.  அந்த மூச்சுச் சத்தத்தைத் தாங்க முடியாமல்தான் நான் டொக்டரிடம் போனேன்.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை செய்த பாண்டிச்சேரிப் பெண் ஒருவர் எனக்காக மொழிபெயர்த்தார். சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு கடதாசியில் வயிற்றை வரைந்து, அதன் மேற்பகுதியில் கோடு இழுத்துக் காட்டினார். உலோக ஊசிகளை வரிசையாக அடித்து அந்த இடத்தில் வயிற்றைப் பிரித்துவிடுவாராம். சாப்பாடு போய்ச் சேரும் இடம் ஒரு முட்டையளவுதான் இருக்குமாம்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "பசிக்காதோ?"

அந்தப் பெண் டொக்டரிடம் கேட்டுச் சொன்னார். "ரெண்டு வாய்லயே நெறஞ்சிடுமாம்மா. அப்புறம் எப்படிப் பசிக்கும்ங்கறாரு."

கையெழுத்து வைத்தேன்.

முதல் கிழமை வலியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் கிழமை பசி வந்தது. பழைய பசிதான், கொஞ்சமும் குறையவில்லை. மசித்த உருளைக்கிழங்கு இரண்டு கரண்டி உள்ளே போனதும் நெஞ்சுக்குக் கீழே கல் வைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். இன்னொரு கரண்டி போனால் வாந்திதான். அடைத்துக்கொண்டிருக்கும்போதே பசிக்கும். வயிறு நிறைந்தால் பசி போகும் என்றுதான் பிறந்த நாள் முதல் அறிந்திருந்தேன். இரண்டும் ஒரே உடம்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சமாளிக்கப் பார்த்தேன். ஐஸ்கட்டி சூப்பினேன். உப்புப் போட்ட சுடுதண்ணீர் குடித்தேன். கடையில் மதிய இடைவேளைக்கு உட்காராமல் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். வேலையில் ரோல்ஸ் பொரியும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருநாள் முடியவில்லை. ஒன்றைக் கடித்து, நன்றாக மென்று, ருசியை மட்டும் விழுங்கிவிட்டுச் சக்கையைக் கைலேஞ்சித் துணியில் துப்பினேன். அதன்பின் அது வழக்கமாயிற்று. கைலேஞ்சிகளை வீட்டில் தோய்க்காமல் வழியிலேயே எறிந்துவிடுவேன்.

மெலிந்துகொண்டே போனேன். சட்டைகளைப் பிடித்துத் தைத்தேன், பிறகு திரும்பவும் பிடித்துத் தைத்தேன். கடைக்கு வரும் பெண்கள் என் கையைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்கள். இப்போது பசிக்கிறதா என்று கேட்டவர்களிடமெல்லாம் பசியே இல்லை என்றேன். ஆஸ்பத்திரி எனக்குத் தந்த வாக்கை நான்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு மதியம் கணவர் சிகரெட் பிடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். நேரம் சென்றும் வராததால் கதவைத் திறந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் கோப்பையை வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேல்மாடிப் போர்த்துக்கேயப் பெண் பையோடு ஒதுங்கி ஏறிக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு வந்து சாப்பிடுங்கோ," என்றேன்.

"நீர் பாத்துக்கொண்டிருக்கேக்கை எனக்கு இறங்குதில்லை," என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்த நாளிலிருந்தாம். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும் கண் அவர் கோப்பையில் இருந்த மீன்துண்டுக்குத்தான் போனது, அதுதான் இன்னும் கேவலம். கதவைச் சாத்திவிட்டு, உள்ளே நின்று அழுதேன்.

அதற்குப் பிறகுதான் ரின்பாலை, தகரடப்பாவில் வரும் அந்தக் கெட்டி இனிப்புப் பாலைக் கண்டுபிடித்தேன். திண்மையான சாப்பாடு அடைத்தது. ரின்பால் அடைக்கவில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது. உருகிய ஐஸ்கிறீமும் அப்படியே. முதலில் ஒரு கரண்டி, பிறகு அரை ரின். குடிக்கும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் பசி என்னை விட்டு எட்ட நின்றது. ஒரு வருடத்துக்குள் இறங்கிய எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. வெற்று ரின்களைத் துணிக்கூடையின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். கணவர் அவற்றைக் கண்டிருக்கிறார். ஒரு நாள் அவை அங்கே இல்லை. 

திரும்ப டொக்டரிடம் போனபோது அவர் தராசைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். பாண்டிச்சேரி அம்மா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "பசி வயித்துல இல்லயாம், உங்க தலைலதான் இருக்குங்கறாரு. மனசக் கட்டுப்படுத்தணுமாம்."

ஆனாலும் வெள்ளைக் கரைசல் ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த முறை அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து டொக்டர் விரலால் காட்டினார். ஊசி வரிசை நடுவில் பிரிந்திருந்தது. முட்டையளவு வயிறு பழைய வயிற்றோடு சேர்ந்துவிட்டது. எப்போது பிரிந்தது என்று சொல்ல முடியாதாம். திரும்ப வெட்டி, இன்னொரு வரிசை அடிக்கலாமாம்.

இந்த முறையும் நான் அதே கேள்வியைத்தான் கேட்டேன். பாண்டிச்சேரி அம்மா மொழிபெயர்த்தார். டொக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"அதை அவரால சொல்ல முடியாதாம்மா," என்றார் அவர். பிறகு, டொக்டருக்கு விளங்காத எங்கள் மொழியில், குரலைத் தாழ்த்தித் தன் பங்குக்குச் சொன்னார்: "மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கலாம்."

வெளியே காத்திருந்த கணவரிடம், ரயிலில் திரும்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கைலேஞ்சிகளையும் சேர்த்து.

"ஒரு நாளெண்டாலும் பசி நிண்டதோ?" என்று கேட்டார்.

"இல்லை."

அவர் இறங்கும் வரைக்கும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டாம் முறை வெட்ட நான் சம்மதிக்கவில்லை. 

பொரிக்கும் வேலையை விட்டுவிட்டு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போனேன். அங்கே சாப்பாட்டு மணம் இல்லை. அதனால் பசி குறைந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் குறையவில்லை. எடையும் முழுதாகத் திரும்பியது. தெருவில் தெரிந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் கதையை வேறு பக்கம் திருப்பினார்கள்.

அப்படி ஒருநாள் லா சப்பலில், ஓல்னே-சூ-புவாவில் இருந்து சாமான் வாங்க வந்த ஒரு பெண் என்னை மறித்தாள். என்னைவிட இளையவள், அந்த நாளைய என் உடம்பு. நான் ஒருகாலம் மெலிந்ததைக் கேள்விப்பட்டு, அந்த டொக்டரின் விலாசம் வேண்டும் என்றாள். நான் முதல்முறையாக ஒரு வெளியாளுக்கு உண்மையைச் சொன்னேன். நிறைந்த வயிற்றோடு பசிப்பதை, மென்று துப்புவதை, படத்தில் கண்டதை, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்களுக்கு வாய் அடங்கேல்லை அக்கா," என்றாள். "நான் கவனமா இருப்பன்."

விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.