மொட்டை என்று எழுதிக் கொடுத்த கரடு

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலை போகும் வழியில் இருக்கிறது நான் டீச்சராக இருந்த ஊர். ஊருக்கு மேலே ஒரு கரடு, சின்னக் குன்று. யாரோ எப்போதோ விறகுக்கு வெட்டி அதை மொட்டையாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதன் அடியில் இருந்த ஊற்றுதான் எங்களுக்குக் குடிதண்ணீர். கரடு மொட்டையானதிலிருந்து, மாசி பிறந்தால் சொட்டு நின்றுவிடும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊர் கூடியது. இனி ஆடு மாட்டைக் கரட்டில் ஏற்றுவதில்லை என்று மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஊற்றை ஒட்டிக் குடியிருந்த அக்கா ஒருத்தி தன் ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டாள். அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை, நானும்தான்.

மூன்று மழைக்குப் பிறகு நாவலும் நெல்லியும் கடுக்காயும் தாமாகவே இடுப்பளவு வளர்ந்து நின்றன. பங்குனியிலும் குடம் நிறைந்தது. யாரும் நிதி கொடுக்காமல், யாரும் போட்டோ எடுக்காமல் இவ்வளவும் நடந்துவிட்டது. எங்கள் தவறு அதுதான்.

அந்தச் சமயத்தில், மக்களே முன்னின்று பாழ்பட்ட காட்டை மீட்டால் பணம் தருவதாகப் பட்டணத்திலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. ஊரில் சங்கம் உண்டானது. இங்கிலீஷ் தெரியும் என்று செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். வாயால் வேண்டாம் என்றேன். மனசுக்குள் இனித்தது.

ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி கரட்டைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பச்சையா இருக்கே டீச்சர். மொட்டை நிலத்துக்குத்தான் நிதி. இப்படிப் புதர் மண்டிக் கிடந்தா நான் என்னன்னு சிபாரிசு பண்ண?"

அன்று சாயங்காலமே ஊர் கூடிவிட்டது. காபித் தோட்டத்தில் வேலை இல்லாத வைகாசி மாதம். திட்டம் வந்து, கன்று நடக் குழி தோண்டினால் கூலி வரும். அம்மன் முன்னால் செய்த சத்தியம் என்ன ஆவது என்று ஒருவர் இழுத்தார். சங்கத் தலைவர் கணத்தில் தீர்ப்புச் சொன்னார்.

"சத்தியம் ஆட்டுக்கும் மாட்டுக்கும்தானுங்க. அருவாளுக்கு இல்லீங்களே."

அத்தனை தலைகளும் ஆடின. அம்மனே மறந்துபோன ஓட்டையை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அக்கா மட்டும் என்னிடம் வந்தாள்.

"ஏனுங்க டீச்சரு, வர்ற தண்ணிய எதுக்குங்க கெடுக்கோணும்? அது புதரில்லீங்க, அத்தனையும் மரமுங்க."

"இது பெரிய திட்டம் அக்கா. உங்களுக்குப் புரியாது" என்றேன். எனக்கு நன்றாகப் புரிந்துதான் இருந்தது.

இரண்டே நாளில் வேரையும் தோண்டி எடுத்துக் கரட்டைச் சிரைத்துவிட்டார்கள். 'முற்றிலும் பாழ்பட்ட நிலம்' என்று மணிமணியான இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். ஆடி மாதம் பெயர்ப்பலகை வந்தது. சில்வர் ஓக் கன்றுகள் மழையெல்லாம் முடிந்து தை மாதம் வந்தன. ஊரே காபிப் பழம் பறிக்கப் போயிருந்தது. கிடைத்த நாலு பேர் நட்டார்கள். நட்டதற்கு ஊற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். மாசி வரும்முன்பே ஊற்று வற்றியது, பின்னாலேயே கன்றுகளும் காய்ந்தன. அதிகாரி வந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, மக்கள் ஒத்துழைப்பு பிரமாதம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"என்ற ஆடு மேஞ்சிருந்தாக்கூட வேரையாச்சும் உட்டிருக்குமுங்க" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு அவள் கீழே வாழவந்தி ஊர்ப் பக்கத்துக் கிணறுவரை இறங்கித் தண்ணீர் சுமந்தாள். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக அவள் ஏறி வருவது தெரியும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு நிறுவனம், அதே மாதிரி நிதி, அதே மாதிரி விண்ணப்பம். நிலத்தின் தற்போதைய நிலை என்ன என்று கேட்டிருந்தார்கள். 'முற்றிலும் பாழ்பட்டது' என்று எழுதினேன். இந்த முறை அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.