பாதை வந்து சேரும் நேரம்

ஜெயரூபனின் அலுவலக அறைக்கும் தையல் வகுப்புக்கும் இடையில் ஒரு சுவர்தான். அவருடைய மனைவி தனுஷா அங்கே ஆசிரியையாக இருந்தவரை, காலையில் மெஷின்கள் ஒவ்வொன்றாய் ஓடத் தொடங்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும். போன மாரியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. இப்போது ஒரு மெஷின் ஓடினாலே பெரிய காரியம்.

குருக்கள்மடத்தில் உள்ள அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அவர்தான் பொறுப்பதிகாரி. கத்தாரில் வெல்டராக உழைத்து, ஊர் திரும்பிப் போதனாசிரியராகி, பிறகு இந்தக் கதிரைக்கு வந்தவர். அங்கே பழகியதையே இங்கும் சட்டமாக்கினார்: எட்டு மணிக்கு வாசல் படலை பூட்டப்படும். வெல்டிங் பொடியன்கள் நேரத்துக்கு வந்தார்கள். தையல் பிள்ளைகளோ தனுஷா போனபின் குறைந்துகொண்டே போனார்கள். மாத முடிவுக்குள் ஆட்கள் சேராவிட்டால் வகுப்பை மூடி மெஷின்களை வேறிடத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தது தலைமையகம். அவள் எண்ணெய் விட்டுத் துடைத்த மெஷின்கள்.

ஒரு காலை, பூட்டிய படலைக்கு வெளியே கேதீஸ்வரி நின்றாள். தையல் வகுப்புக்கு வாவிக்கு அக்கரையிலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்த ஒரே பிள்ளை.

"என்ன பிள்ளை, நல்ல நித்திரையோ?"

"பாதை பிந்திட்டு சேர்." வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்கு அங்கே பாதை என்றுதான் பெயர்.

"கத்தார்ல பிந்தினா அண்டைக்குச் சம்பளமில்ல, தெரியுமா?"

"கத்தார்ல பாதையிலயா சேர் வேலைக்குப் போன நீங்க?" என்றவள், சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "தனுஷா ரீச்சரெண்டா பின்பக்கத்துக் குசினிக் கதவால உள்ள எடுப்பா. நாங்க எல்லாரும் அப்பிடித்தான் வந்த."

"எப்ப இருந்து?"

"நீங்க படலையப் பூட்டத் தொடங்கின நாள்ல இருந்து."

காவலாளி சாலிஹ் காக்கா திடீரென்று மாமரத்தில் எதையோ தேடத் தொடங்கினார்.

தனுஷா பிறந்தது அக்கரையில், அம்பிளாந்துறையில். பாதையில் வந்துதான் படித்தாள். ஜெயரூபன் இக்கரைக்காரர். மாமியார் வீட்டுக்குப் போனதெல்லாம் பின்னேரங்களில்தான். காலையில் அந்தத் துறையில் நின்றதேயில்லை.

மறுநாள் விடியலில் அக்கரைக்குப் போய், திரும்பும் பாதையில் ஏறி நின்றார். பால்கேன்களும் மோட்டார்சைக்கிள்களும் ஏறிய பிறகும் அது அசையவில்லை. "பொறுங்க, ரதீஸ்ர ட்ரெக்டர் வருது" என்றார் ஓட்டுகிறவர். யாரும் முணுமுணுக்கவில்லை. நடு வாவியில் காற்று எதிர்த்துத் தள்ளியது.

பக்கத்தில் நின்ற கிழவி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "தனு இந்தக் கம்பியப் பிடிச்சிட்டுத்தான் நிப்பாள் தம்பி."

அவர் தன் கையை அந்தக் கம்பிக்கு மாற்றினார்.

நிலையத்துக்கு வந்தபோது படலை பூட்டியிருந்தது.

"பணிப்பாளர் வந்தாலும் திறக்காத எண்டு சொன்ன ஆரு சேர்?" என்றார் சாலிஹ் காக்கா உள்ளேயிருந்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

அதே பாதையில் வந்திறங்கியிருந்த கேதீஸ்வரி பின்பக்கம் நடந்தாள். ஜெயரூபன் பின்னால் போனார். குசினிக் கதவின் தாழ்ப்பாளில், சத்தம் வராதபடி ஒரு துணி சுற்றியிருந்தது. ஓரம் மடித்து நுணுக்கமாகத் தைத்த துணி. அவரோடு ஒரே மோட்டார்சைக்கிளில் தினமும் வந்த தனுஷா, இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை அவர் அறிவார். துணியின் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"காக்கா, படலையத் திறங்க," என்று முன்பக்கம் நோக்கிக் குரல் கொடுத்தார். "தையல் வகுப்பு இனிப் பாதை வந்தாப் பிறகுதான்."

"மத்தவளுகளுக்கும் சொல்லவா சேர்?" என்றாள் கேதீஸ்வரி.

"சொல்லு. எல்லாரையும் வரச் சொல்லு."

அறைக்குப் போய்ச் சுவரை ஒட்டி உட்கார்ந்தார். அப்பால் ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது. அடுத்ததற்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.