நிற்காத சிப்பாய்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் ஒரு படையில் இருந்தேன். படை என்றால் நான் ஒருத்திதான். என்னை நடத்தியவள் என் அக்கா.

அந்த வருஷம்தான் அவள் கள்ளக்குறிச்சியில் கல்லூரி சேர்ந்திருந்தாள். சேர்ந்த இரண்டாம் வாரமே மாணவர் படையிலும் பெயர் கொடுத்துவிட்டாள். எங்கள் ஊர்ப்பக்கம் அதற்குப் பரேடு என்று பேர். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. கொடுத்த பிறகுதான் சொன்னாள், அதுவும் சாப்பிட்டுக் கை கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்தோடு சேர்த்து. அப்பா கரண்டு ஆபீசில் ஒயர்மேன். கம்பத்தில் ஏறி இறங்குகிறவருக்கு எதுவும் பெரிய ஆபத்தாகத் தெரியாது. மூன்று வருஷம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்துப் பரீட்சையில் நல்ல கிரேடு வாங்கினால், பட்டாளத்தில் ஆபீசர் ஆவதற்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத்துக்கே போகலாம் என்று அக்கா சொன்னதைக் கேட்டு, நல்லதுதானே என்று படுக்கப் போய்விட்டார். அம்மாவுக்குத்தான் அது தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி இருந்தது.

காரணம் துப்பாக்கி இல்லை. குரல். அக்காவின் குரல் அவ்வளவு சின்னது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் வாசகம் வாசித்தால் மைக் இருந்தும் மூன்றாவது வரிசைக்குப் போகாது. சாமியாரே எழுந்துவந்து மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் இழுத்து வைப்பார். அம்மாவுக்கு அது தாங்க முடியாத பெருமை. எம்பொண்ணு கொரலு அடுத்த வூட்டுக்குக் கேட்டதில்ல என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்குக் கேட்ட குரல் எல்லாம் என்னுடையது. அதை அம்மா யாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

பரேடில் முதல் நாளே துப்பாக்கி கொடுப்பார்கள் என்று நான் நம்பியிருந்தேன். முதல் நாள் மைதானத்தில் கல் பொறுக்கச் சொன்னார்களாம். அடுத்த மூன்று வாரம் நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். நிக்கறதுக்கா காலேஜுக்கு அனுப்பினேன், அதை இங்கியே நிக்கலாமே என்றாள் அம்மா. பிறகு சீருடை வந்தது. அந்தக் காக்கிப் பேண்டில் அக்காவோடு நானும் சேர்ந்து நுழையலாம். பூட்சோ இரண்டு அளவு பெரிசு. அப்பாவின் பழைய லுங்கியைக் கிழித்து முன்பக்கம் அடைத்துக்கொண்டாள், மிச்சத் துணியில் பாலிஷைத் தொட்டுத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, என் மூஞ்சி தெரிகிறவரை தேய்த்தாள். சனிக்கிழமை விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடிப்பாள். மத்தியானம் வரும்போது குதிகாலில் தோல் உரிந்திருக்கும், முகம் மட்டும் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவள் மாதிரி இருக்கும். வீட்டுக்குள்ளேயே காலை ஓங்கி அறைந்து சல்யூட் அடித்துக் காட்டுவாள். சமையல் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அம்மா டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பாள்.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு தேர்வு இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறு கோடியில் போகும் அணியைக் கட்டளை கொடுத்து நடத்த வேண்டும். நன்றாக நடத்துகிறவளைச் சென்னையில் நடக்கும் பெரிய முகாமுக்கு அனுப்புவார்கள். அங்கேயும் தேறினால் டெல்லி. பயிற்சிக்கு வரும் ஹவில்தார், அக்காவின் நடை நன்றாக இருக்கிறது, நிற்பதும் நன்றாக இருக்கிறது, சத்தம்தான் வாயைத் தாண்டவில்லை என்று சொல்லிவிட்டார். பத்து நாள் கொடுத்தார். அன்றைக்கு அக்கா சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் விடிந்தும் விடியாமல் என் போர்வையைப் பிடுங்கினாள்.

"எழுந்துருடி. நீதான் என் ஸ்குவாடு."

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லை. அதைத் தாண்டினால் கோமுகி வாய்க்கால். அதன் கரை வடக்கனந்தல் ரோடு வரை நேராகப் போகும். அந்தக் கரையில் என்னை நிற்க வைத்தாள். தேஸ் சல் என்றால் நான் கைவீசி நடக்க வேண்டும். தம் என்றால் இரண்டடி எடுத்துவைத்துக் காலை அறைந்து நிற்க வேண்டும். கட்டளையெல்லாம் இந்தியில்தான், பட்டாளத்தில் அப்படித்தான். காதில் விழுந்தால் நில், விழாவிட்டால் போய்க்கொண்டே இரு, எனக்காகப் பாவம் பார்த்து நிற்காதே என்று சொல்லிவைத்தாள். பாவம் பார்க்கிற புத்தி அந்த வயதில் எனக்குக் கிடையாது. அதனால்தான் அவள் என்னைப் பிடித்திருக்க வேண்டும்.

முதல் நாள் அவளுடைய தம் முதல் மோட்டார் கொட்டாய் வரைதான் வந்தது. அதற்கப்பால் கொட்டாயில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. நான் நேர்மையாக நடந்துபோய்க்கொண்டே இருந்தேன், அவள் ஓடிவந்து தோளைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. களை எடுக்கப் போன பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, "இன்னாடி இது, காலங்காத்தால அக்காளும் தங்கச்சியும் சண்ட போட்டுக்கினு" என்றாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் போய் நான் பட்டாளத்தில் இருப்பதாகவே சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவள் குரல் புளியமரம் வரை வந்தது. நான் காலை அறைந்து நின்ற வேகத்தில் கரை மண் கொஞ்சம் சரிந்து வாய்க்காலில் விழுந்தது.

அன்று சாயங்காலம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அம்மா மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், இவள் தேர்வானால் டிசம்பர் முழுக்க முகாமாம், பெருநாளுக்குக்கூட வரமாட்டாளாம் என்று.

எனக்கும் அக்காவுக்கும் கிறிஸ்துமஸ் என்றால் குடில். கேக்கு, புதுத்துணி எல்லாம் அதற்குப் பிறகுதான். கோணிச்சாக்கைக் கரித்தண்ணியில் முக்கி, விறைப்பாக மடித்து, மலையாக நிறுத்துவாள் அக்கா. எங்கள் பெத்லகேமுக்குப் பின்னால் கல்வராயன் மலைதான் இருக்கும், உச்சியில் மேகத்துக்குப் பஞ்சுகூட வைப்பாள். அவள் இல்லாமல் குடில் என்பது என்னால் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நேராக அவளிடமே போனேன்.

"பெருநாளுக்கு வருவியாக்கா?"

"செலக்ட் ஆனா வர முடியாதுடி."

"ஆவலன்னா?"

"ஆவலன்னா வூட்லதான் கெடப்பேன்."

முடிந்தது கதை. நான்காம் நாளிலிருந்து எனக்குக் காது கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கேட்காத மாதிரி நடப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை முயன்று பார்க்கலாம். புளியமரத்தைத் தாண்டும்போது தம் என்று வந்தது. மூன்று நாள் பழக்கத்தில் என் கால் தானாகவே நிற்கப் போய்விட்டது. அதைப் பிடித்து இழுத்து முன்னால் போடுவதற்குள் உடம்பே ஒரு குலுக்கு குலுக்கியது. ஆனாலும் போய்விட்டேன். மறுபடி தம். மறுபடி குலுக்கல். மறுபடி போனேன். ஓடிவந்தவளிடம், கேக்கலக்கா, மலைக்காத்து எதிர்ல அடிக்குது என்றேன். பொய் சொல்வது பாவம் என்று ஒப்பித்து, பூசையில் முதல் நன்மை அப்பம் வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். சரி, மறுபடி நட என்றாள்.

இரண்டு நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவாள் என்பது என் கணக்கு. அவள் விடவில்லை. ஒவ்வொரு நாளும் நான் இன்னும் கொஞ்ச தூரம் போனேன், அவள் இன்னும் கொஞ்சம் உரக்கக் கத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டது. சளி என்று நினைத்து அம்மா பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தாள். அந்த டம்ளரை அக்காவிடம் கொண்டுபோனது நான்தான், ஆற்றிக்கூடக் கொடுத்தேன். பூனைக்கும் தோழன் பாலுக்கும் காவல் என்பார்களே, அது நான்தான். அவள் குடிக்கும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. அதற்காக மறுநாள் நின்றேனா என்றால், இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள், கரை முடிகிற இடத்தில் இருக்கும் மதகையே தாண்டிவிடுவது என்று கிளம்பினேன். பனி விலகி நன்றாக வெளிச்சம் வந்திருந்தது. புளியமரத்தில் ஒரு தம் வந்தது, போனேன். அதற்கப்பால் ஒன்று, அதற்கும் போனேன். மதகில் ஏறி இறங்கி ரோட்டுப் பக்கம் திரும்புகிற இடத்தில் மூன்றாவது வந்தது.

அது கத்தல் இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் போடாத சத்தம். தொண்டையிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து, ஒரே சொல்லாக, கரையோடு வந்து என் முதுகில் இடித்தது. களைக்காரப் பெண்கள் குனிந்த இடத்தில் நிமிர்ந்து நின்றார்கள். பால்கேனோடு போனவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்த அப்பா கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். எல்லாரும் நின்றார்கள். யாரை நிற்கச் சொன்னதோ, அவள் மட்டும் நடந்துபோய் நேராக அப்பாவின் வயிற்றில் முட்டினாள்.

"யாருது அந்தக் கொரலு?" என்றார் அப்பா.

"அக்காவுது."

"நிக்கச் சொல்றாளா?"

"ஆமா."

"அப்பறம் நீ இன்னாத்துக்கு நிக்காம வர்ற?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை. அழுதேன். எனக்குக் கால் வலிக்கிறது என்று முடிவுகட்டி அப்பா ஒரு பன்னை டீயில் நனைத்துக் கொடுத்தார். அழுதுகொண்டே அதைத் தின்றேன்.

வீட்டில் அம்மா அவஸ்தையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, அது உன் பெண்ணின் குரலா என்று கேட்டாளாம். இல்லை என்றாளாம் அம்மா. எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கும் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் கேட்டதற்கும் இல்லை. ஆண்டவரைத் தெரியாது என்று ராயப்பர்கூட மூன்று தடவை மறுதலித்த பிறகு வெளியே போய் அழுதார். அம்மா உள்ளே வந்து அக்காவுக்கு இரண்டு முட்டை அவித்தாள்.

அக்கா தேர்வானாள். அந்த மைதானத்தில் அவள் குரல் மறு கோடியைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டு வரை போனதாக அவளுடன் படித்த பெண்கள் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டு கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனாலும் நான் நம்பினேன். டிசம்பரில் அவள் டிரங்குப்பெட்டியோடு போய்விட்டாள். நான் கோபத்தில் மலையே இல்லாமல் குடில் கட்டினேன். கடைசிச் சுற்றில் அவளை விட்டுவிட்டார்கள், டெல்லி கிடைக்கவில்லை. கறுத்து, இளைத்து, பசியோடு திரும்பி வந்தாள். வந்த மறுநாளே பூட்சுக்குப் பாலிஷ் போட்டாள். மூன்று வருஷம் முடித்து, நேர்முகத்தில் ஒரு தடவை தோற்று, இரண்டாம் தடவை ஜெயித்து, ஆபீசர் பயிற்சிக்குப் போனாள். இப்போது கேப்டன். எம்பொண்ணு ஒரு சத்தம் போட்டா நூறு பேரு நிப்பாங்க என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் அக்கா லீவில் வந்திருந்தாள். மாமாவின் பெண் இந்த வருஷம் கல்லூரி சேர்ந்து பரேடுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், எப்படி இருக்கும் என்று கேட்க வந்தாள். அக்கா சொன்னாள்: முதல் மாதம் கால் உரியும், அதற்கு வேப்பெண்ணெய் தடவு. வெறும் வயிற்றில் போகாதே, வெயிலில் விழுந்துவிடுவாய். துப்பாக்கியை நினைத்துக்கொண்டு போகாதே, முதலில் நிற்கத்தான் சொல்வார்கள், அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அந்தப் பெண் சின்னக் குரலில், எனக்குச் சத்தமே வராதுக்கா என்றாள். அக்கா என் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தாள்.

"சொன்ன பேச்சு கேக்காத ஒரு ஆளப் புடிச்சிக்கோ. நான் இவளத்தான் புடிச்சேன்."

பன்னிரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். எல்லாம் கேட்டதுக்கா, கேட்டும்தான் நிற்கவில்லை என்றேன். பெரிய பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி எனக்குக் குரல் நடுங்கியது. அக்கா அசையக்கூட இல்லை.

"தெரியும்டி. நான் தம் சொன்னதும் உன் ரெட்ட சட ரெண்டும் எகிறும். அத வச்சித்தான் உனக்குக் கேட்டுடுச்சுன்னு கண்டுபுடிப்பேன். எகிறிச்சுன்னா, நான் பத்தடி பின்னால போயி நின்னு மறுபடி சொல்லுவேன். கடைசி நாளு நம்ம கொல்லையத் தாண்டி, மாட்டுக் கொட்டாய் வரைக்கும் போய்ட்டேன்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பூட்ஸ் அளவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அந்தக் கரையில் ஏழு நாள், அவளைப் போகவிடாமல் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்திருக்கிறேன். என் முதுகுக்குப் பின்னால் அக்கா பத்துப் பத்தடியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.