ஜானகிராமனின் ஊதா முத்திரை

ஜானகிராமனைப் பெரிய ரசிகர் என்று ஆவடியில் நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவனாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அவருக்கு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை. வருகிற பெட்டி, போகிற பெட்டி எல்லாவற்றிலும் முத்திரை குத்த வேண்டும். இருபத்தைந்து வருஷம் அதையே செய்த கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அண்டா, முறம், ஸ்டூல் என்று குவார்ட்டர்ஸில் எதைத் திருப்பினாலும் அடியில் அவர் பெயர் இருக்கும். மனைவி தாட்சாயிணியின் நெற்றி தப்பியது அந்த அம்மாளின் அதிர்ஷ்டம்.

பழைய உளவாளிப் படங்கள் என்றால் மனுஷனுக்கு உயிர். கோட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஹீரோ ஒண்டியாளாக நாட்டைக் காப்பாற்றுவாரே, அந்தப் படங்கள். அதைவிட, ஷூட்டிங்கின்போது எடுத்த போட்டோக்கள் மேல் பைத்தியம். ஹீரோ டீ குடிக்கிறார், ஹீரோ கொட்டாவி விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டில் கூடி அவற்றைக் கைமாற்றிப் பார்ப்போம். வேலைவெட்டி இல்லாத கூட்டம். ஹீரோ கடிகாரம் கட்டியது எந்தக் கையில் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

யாரும் சுட்டுவிடக் கூடாது என்று ஜானகிராமன் தன் படங்களின் முகப்பிலேயே முத்திரை குத்துவார். ஸ்டோர்ஸிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்த ஊதா மை. மரப்பெட்டியில் குத்தினால் மழைக்கும் அழியாது. ஹீரோ மேல் மட்டும் அது படக் கூடாது. ஆகவே குடை பிடிப்பவன், லைட் பிடிப்பவன் தலையில்தான் எப்போதும் விழும்.

எண்பத்தெட்டில் ஒரு ரயில் சண்டை ஷூட்டிங் போட்டோவின் நெகட்டிவே அவருக்குக் கிடைத்தது. ஒரே ஒரு பிரிண்ட் போட்டுவிட்டு நெகட்டிவை எங்கள் கண்ணெதிரே கொளுத்தினார்.

"ஒலகத்துலயே இது என்கிட்ட மட்டும்தான் கீது" என்றார். நாங்கள் கைதட்டினோம். வெட்கங்கெட்டவர்கள்.

படத்தில் ஹீரோவும், அதே மாதிரி கோட்டுப் போட்ட டூப்பும் நெருங்கி நின்றார்கள். எங்கே குத்துவது என்று ஜானகிராமன் யோசித்தார்.

"அந்த டூப்பு மேல குத்துங்க சார். அவன யாரு பாக்கப்போறா?" என்று சொன்னவன் நான்தான்.

எங்கள் கூட்டத்தில் அந்த வாரம் வராமல் போனவர் பூந்தமல்லி டெய்லர் பஷீருதீன். அப்படி ஒரு படம் வந்திருப்பதை மட்டும் கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிறு தன் தெருவிலிருந்து ஷம்ஷாத் என்ற பெண்ணை அழைத்து வந்தார். இருபது வயதிருக்கும்.

"ரயில் சண்டைல ஹீரோவுக்குப் பதிலா குதிச்சது எங்க அத்தாதான் சார், என்னப் பெத்தவரு ஜாபர் அலி. நான் பொறக்கறதுக்கு மின்னாடியே மவுத்தாயிட்டாரு. ஊட்ல ஒரு போட்டோகூட இல்ல. ஒரு தபா அவரு மூஞ்சப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

முத்திரை விழுந்த இடம் எனக்கு ஞாபகம் வந்தது. ஜானகிராமனுக்கோ பெருமை தாங்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்து நீட்டினார்.

"பாரும்மா, ஹீரோ எப்டி ஷோக்கா நிக்கிறாரு!"

ஷம்ஷாத் ஹீரோவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கோட்டு இருந்தது. சிராய்த்த கை இருந்தது. காலருக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக 'ஜானகிராமன், ஆவடி' என்று இருந்தது. அவள் தாவணி முனையை எச்சில் தொட்டு மெதுவாகத் தேய்த்தாள்.

"ஏய், தேய்க்காதம்மா! படம் பாழாப்பூடும்!" என்று பதறினார் ஜானகிராமன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"குத்தறதுக்கு மின்னாடி நீங்க பாத்திருப்பீங்க இல்ல சார்? எங்க அத்தா எப்டி இருந்தாரு? சொல்லுங்க."

ஜானகிராமன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஹீரோவின் கோட்டில் எத்தனை பித்தான் என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொல்லியிருப்போம்.

"மீச இருந்துதும்மா. மெல்லிசா, அழகா" என்றார் கடைசியில். அது ஹீரோவின் மீசை.

"மீசயா?" ஷம்ஷாத்தின் முகம் மலர்ந்துவிட்டது. நிஜந்தானா என்பதுபோல் என் பக்கம் திரும்பினாள்.

ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.