கை நடுங்காத ஆள்

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "பையன் என்னண்ணே படிக்கிறான்?" என்பதுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைக் கம்ப்யூட்டர் கடையில் நின்று விளக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "எனக்குத்தாங்க. கேம் ஆடறதுக்கு" என்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவர் கடைக் கூரையில் ஓடிய வயரிங்கைப் பார்த்தேன். அதுவும் சரியாக இல்லை.

நான் எலெக்ட்ரீஷியன். கருவடிக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கடற்கரைப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் எந்தச் சுவருக்குள் எந்த வயர் செத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. என் மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். நரம்பே தெரியாத கையில் விரலால் தடவிப் பார்த்து, ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். "குத்தினதே தெரியலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், அடுத்த முறை அவள் இருக்கிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டு வலி போகவில்லை. விரல்கள் வீங்கி, காலையில் பல் துலக்கப் பிரஷ்ஷைப் பிடிக்கவே கஷ்டப்பட்டாள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் ஒரு குழந்தைக்கு மூன்று முறை குத்த வேண்டியதாகிவிட்டது. குழந்தை கத்திய கத்தலில் அதன் அப்பா இவளைத் திட்டியிருக்கிறார். அன்று மாலையே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு, டோக்கன் கொடுக்கும் கவுன்ட்டருக்கு மாறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே வரியில் சொன்னாள். நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல், "உக்காந்து பாக்குற வேலை, நல்லதுதான்" என்றேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப்போய் போனில் கேம் ஆட ஆரம்பித்தாள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசத்தில் லாரி ஓட்டுகிற கேம். சமையலறையில் குக்கர் சத்தம் போடும், இவள் மலைப்பாதையில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருப்பாள். பிறகு போன் போதவில்லை. பெரிய திரை, நல்ல கிராபிக்ஸ் கார்டு, ஸ்டீயரிங் எல்லாம் வேண்டும் என்றாள். சரி என்றேன். கடைக்காரர் தாமே பூட்டித் தருவதாகச் சொன்னார். இவள் கேட்கவில்லை.

"பார்ட்டா கொடுங்க. நான் கோத்துக்கறேன்."

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்புதான் சொன்னாள். லேபில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறாராம். மறுபடி ரத்தம் எடுக்க வருகிறாயா, திங்கட்கிழமைக்குள் சொல் என்று கேட்டிருக்கிறார்கள்.

"இத என் கையால கோத்து முடிச்சுட்டேன்னா சரின்னு சொல்லிடுவேன். முடியலன்னா டோக்கனே போட்டுட்டுப் போறேன்" என்றாள். யாரோ தெரிந்தவர் விஷயத்தைச் சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

கோப்பதற்கு முன் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். லேப் பழக்கம். நைலான் புடவை கூடாது, காட்டன்தான். மேஜைமேல் விரிப்பு கூடாது. எந்தப் பாகத்தைத் தொடுமுன்னும் கேபினெட்டின் இரும்பைத் தொட வேண்டும். போர்டை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். பவர் சப்ளை பெட்டியை எந்தக் காலத்திலும் திறக்கக் கூடாது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையும் வாங்கியிருந்தாள். அதிலிருந்து ஒரு வயர் போய்க் கேபினெட்டைக் கவ்விக்கொள்ளும். "மாட்டைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்தேன். வெறும் கையால் மெயின் லைனில் வேலை பார்க்கிறவனிடம் வந்து, உடம்பில் இருக்கிற துளி மின்சாரத்துக்குப் பயப்படு என்றால் சிரிக்காமல் என்ன செய்வது?

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்ச கரண்டு ஆளைத் தூக்கிப் போடும். இது தொட்டவனுக்கே தெரியாது. போர்டு போயிடும்" என்றாள். அப்புறம், "இந்த பிளக் பாயின்ட்ல எர்த் இருக்கான்னு மொதல்ல பாருங்க" என்றாள்.

பார்த்தேன். இல்லை. ஊரில் எத்தனையோ வீட்டுக்கு எர்த் போட்டுக் கொடுத்தவன் வீட்டில், மூன்றாவது துளை சும்மா அழகுக்கு இருந்தது. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, பின்பக்கம் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் கம்பியை இறக்கினேன். மாடி ஜன்னலில் இருந்து வேடிக்கை பார்த்தாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஆயுத பூஜை அன்று காலையில் பெரிய மார்க்கெட்டில் இருந்து பூவும் பூசணிக்காயும் பொரியும் வாங்கி வந்தேன். டெஸ்டர், கட்டிங் பிளேயர், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்தேன். புதுக் கேபினெட்டுக்கும் வைத்தேன். "வெளியில எவ்வளவு வேணும்னாலும் வைங்க. உள்ள போற சாமான் பக்கம் வந்துடாதீங்க" என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள்.

பூஜை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தாள். மதர்போர்டை அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து, பிராசசர் உட்காரும் இடத்தின் மூடியைக் கழற்றினாள். கட்டை விரல் அகலச் சதுரம். அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய பின்கள் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நின்றன. அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டம்மா பொரித் தட்டோடு கூப்பிட்டார்கள். பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, "தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் தொடவில்லை. அட்டைப் பெட்டிக்குத்தான் ஒரு பொட்டு வைத்தேன். எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு அவளுடைய முக்கியமான சாமானை மட்டும் வெறும் நெற்றியோடு விட மனசு வரவில்லை. பெட்டியின் மூலையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது விரலில் இருந்து ஒரு துணுக்குக் குங்குமம், சந்தன ஈரத்தோடு, அந்தப் பின்களுக்கு நடுவே விழுந்தது. ஊதிப் பார்த்தேன், போகவில்லை. தோளில் கிடந்த பழைய பனியன் துணியின் முனையால் லேசாகத் துடைத்தேன். இருபது வருஷமாக எதைப் பார்த்தாலும் துடைக்கிற கை. நூல் எங்கேயோ மாட்டியது. இழுத்தேன், வந்துவிட்டது. குங்குமமும் வந்துவிட்டது. ஆனால் ஒரு ஓரத்தில் பின்களின் பளபளப்பு ஒரே சீராக இல்லை. கண்ணாடி போடாத கண்ணுக்கே அது தெரிந்தது.

படியேறும் சத்தம் கேட்டது. நான் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவள் இரும்பைத் தொட்டாள், பட்டையைக் கட்டினாள், பிராசசரை இரண்டு விரலால் எடுத்து உட்கார வைத்தாள். அதைப் பூட்டுகிற கம்பியை அழுத்தி மடக்கும்போது நெறுநெறுவென்று ஒரு சத்தம் வந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். மற்றதையெல்லாம் ஒன்றொன்றாகப் பொருத்தி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. சுவிட்சைப் போட்டாள். ஃபேன்கள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் கழற்றினாள். பிராசசரை எடுத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். மூன்று பின்கள் சாய்ந்து கிடந்தன.

"வைக்கும்போது கை ஆடியிருக்கு" என்றாள். "அந்தச் சத்தம் கேட்டப்பவே நெனச்சேன்."

நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "பூஜை நாளும் அதுவுமா வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்கும் சொல்லவில்லை. அவள் எல்லாப் பாகத்தையும் அதனதன் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். அன்றிலிருந்து ஊறுகாய் பாட்டிலைத் திறக்க என்னைக் கூப்பிட்டாள். சிக்குன்குனியா வந்திருந்தபோதுகூட அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கடைக்காரருக்குப் போன் போட்டேன். அதே மாதிரி போர்டு இன்னொன்று வாங்கிச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம் என்று திட்டம். ஸ்டாக் இல்லை, வர நாளாகும் என்றார். என்ன ஆச்சு என்று கேட்டார். மூன்று பின் வளைந்துவிட்டது என்றேன்.

"துணியால தொடச்சீங்களாண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரில் நின்று பார்த்தது போலக் கேட்கிறாரே!

"எல்லாரும் பண்றதுதாண்ணே. நூல் மாட்டி இழுத்துடும். மூணு பின்னுதானே? மெல்லிசு ஊசியால நிமித்தலாம். எனக்குக் கை நடுங்கும், நான் தொட மாட்டேன். கை நடுங்காத ஆளா யாராவது தெரிஞ்சா பாருங்க."

போனை வைத்துவிட்டு ஒரு பங்களா மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கை நடுங்காத ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவளிடம்தான் உன் கை போய்விட்டது என்று வாய் திறக்காமலே மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். குங்குமம், துணி, நூல், பால்கனி, எல்லாவற்றையும். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"மூணு நாளா நான் என் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"பயமா இருந்தது" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள்.

போர்டு கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதற்காகத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அன்று இரவு என்னைச் சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. தோசை மட்டும் தட்டில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் மேஜை தயாராக இருந்தது. வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவித் துடைத்துவிட்டு, பீரோவில் இருந்து பழைய டப்பாவை எடுத்தாள். லேபில் இருந்த காலத்து டப்பா. இரண்டு வருஷமாக அவள் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை. இன்சுலின் போடுகிற மெல்லிய ஊசி ஒன்றைப் பிரித்தாள்.

"டார்ச்சப் புடிங்க. ஆட்டாதீங்க."

மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு, இரும்பைத் தொட்டுவிட்டுக் குனிந்தாள். முதல் பின் உடனே நிமிர்ந்தது. இரண்டாவது கொஞ்சம் அடம் பிடித்தது. மூன்றாவது பக்கத்துப் பின்னின் மேல் படுத்துக் கிடந்தது. அதன் அடியில் ஊசி முனையை நுழைத்து, மூச்சை நிறுத்தி, அவள் இம்மி இம்மியாகத் தூக்கினாள். ஆடியது டார்ச் வெளிச்சம்தான். அவள் ஊசி ஆடவில்லை. நடுவில் ஒரு முறை நிறுத்தி விரலை நீவிக்கொண்டாள், மறுபடி குனிந்தாள். முடித்து நிமிர்ந்தபோது அவள் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

பிராசசரை வைத்துக் கம்பியை மடக்கினாள். அதே நெறுநெறு சத்தம்.

"இது எப்பவும் வர்ற சத்தமாம். நேத்துதான் படிச்சேன்" என்றாள்.

மற்றதை எல்லாம் பொருத்திச் சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன.

"நீங்க சுகர் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள்.

நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். மெயின் லைனுக்குப் பயப்படாதவன்தான், ஆனால் ஊசியைக் கண்டால் ஓடிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடமிருந்தே தப்பித்து வந்திருக்கிறேன்.

"காலையில ஏதாவது சாப்ட்டீங்களா?"

"இல்ல, நீதான் எதுவும் தரல."

"நல்லதாப் போச்சு. உக்காருங்க. நாளைக்கு நான் லேபுக்குப் போகும்போது நீங்களும் வாங்க, டெஸ்டுக்கு அங்க புதுசா எடுப்பாங்க, அது வேற. இது என் கைக்கு."

டப்பாவில் இருந்து வேறொரு ஊசி, ரப்பர் பட்டை, ஸ்பிரிட், பஞ்சு எல்லாம் வெளியே வந்தன. மறுத்துப் பேச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. கையை நீட்டினேன். முழங்கைக்கு மேல் பட்டையை இறுக்கினாள். விரல் என் கையில் ஊர்ந்து எதையோ தேடி ஒரு இடத்தில் நின்றது. ஸ்பிரிட் சில்லென்று பட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"குத்தறப்ப சொல்லிட்டுக் குத்து" என்றேன்.

"பஞ்ச அமுக்கிப் புடிங்க" என்றாள்.